அம்மம்மா விட்ட இடைவெளி

என் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பத் தெரியும். ஆனால் அது குரல் செய்தி என்பது மட்டும் அவருக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு "ஹலோ... ஹலோ... பிள்ளை?" என்பார். பொறுப்பார். "ஓம், நான்தான். சாப்பிட்டியோ?" திரும்பவும் பொறுப்பார். "என்ன சாப்பிட்டனீ?" மூன்று விநாடி, நான்கு விநாடி. "ஆ... சரி. குளிருதோ அங்க?"

ஒரு நிமிடச் செய்தியென்றால் அதில் பாதி இப்படி மௌனம்தான். மற்றப் பக்கத்தில் ஆள் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாக அவருக்கு நினைப்பு. எனக்கு வரும் செய்திகளை நான் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். சில நேரம் கேட்காமலே "ஓம் அம்மா" என்று எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் செய்கிறீர்கள்தானே, மறைக்க வேண்டாம்.

என் மகள் மட்டும் ஒன்றையும் அழிக்காமல் வைத்திருந்தாள். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன இரண்டு வருடத்தில் அம்மம்மா அவளுக்கு அனுப்பியவை 143. போன மார்ச் மாதம், வடக்கே நாலு மணித்தியாலக் கார் தூரத்தில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழக மண்டபத்தில், எட்டு ஒலிபெருக்கிகளின் நடுவே, ஐந்து வாத்தியக்காரரோடு சேர்த்து அதில் பதினேழு செய்திகள் ஒலித்தன. நானும் அம்மாவும் இரண்டாம் வரிசையில் இருந்தோம்.

இந்த மாதம் அந்தக் கதை. போன முறை ஏ லெவல் பாடத் தெரிவு பற்றி எழுதியபோது "பிள்ளை இசை படிக்கப் போறன் எண்டால் என்ன செய்யிறது?" என்று மூன்று நாலு பேர் கேட்டிருந்தீர்கள். அதற்கு இது நேரான பதில் இல்லை. ஆனால் என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

முதலில் என் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறேன். மகள் ஆறு வயதில் வயலின் தொடங்கினாள். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், மதியம் வயலின். ஒன்பது வருடம். அரங்கேற்றத்துக்கு மண்டபம் பதிவு செய்து, சேலைக்கு அளவும் கொடுத்த பிறகு, "அம்மா, எனக்கு வேண்டாம்" என்றாள். காரணம் கேட்டேன். "நான் வாசிக்கிறது எனக்கே கேக்கேல்லை" என்றாள். அதற்கு அர்த்தம் என்ன என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் எவ்வளவு என்றுதான் சொன்னேன். அது திரும்பி வரவும் இல்லை.

மூன்று வருடம் கழித்து, எலெக்ட்ரோஅகூஸ்டிக் இசை படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். மின்னொலி இசை என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். சொந்தக்காரருக்கு நான் "சவுண்ட் எஞ்சினியரிங்" என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மாவிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. "றேடியோ திருத்திறதோ?" என்று கேட்டார்.

அந்த இசை என்னவென்று எனக்குப் பிடிபட ஒரு வருடம் எடுத்தது. நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன்.

1948ஆம் ஆண்டு பாரிஸ் வானொலியில் வேலை செய்த பியர் ஷேஃபர் என்ற பொறியியலாளர், பத்திஞ்ஞோல் ரயில் நிலையத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய் ரயில் என்ஜின்களின் சத்தத்தைப் பதிந்துவந்தார். அதை வெட்டி, திருப்பி, சுழலவிட்டு, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு படைப்பாக்கினார். அதே வருடம் அது வானொலியில் போனது. எழுதிய சுரத்தை ஒருவர் வாசிப்பதுதான் இசை என்ற வழக்கத்துக்குப் பக்கத்தில், பதிந்த ஒலியையே மண்ணாகக் குழைத்துப் பானை வனையலாம் என்ற வழி அங்கே திறந்தது. பிறகு கொலோனில், நியூயோர்க்கில், மிலானில் என்று வானொலி நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கூடங்கள் வந்தன. அந்தக் காலத்தில் ஒரு கருவி ஒரு அறையையே நிறைக்கும். தனி ஆள் வாங்க முடியாது. பல்கலைக்கழகங்களுக்கும் இந்த இசைக்கும் இருக்கும் உறவு அப்படித் தொடங்கியது.

வாத்தியத்தையும் இந்த ஒலியையும் சேர்த்து வைப்பது அடுத்த படி. அதற்கு மகள் எனக்குப் போட்டுக்காட்டிய ஒன்றை உங்களுக்கும் சொல்லியே ஆகவேண்டும். அர்ஜென்டினாவில் பிறந்து நியூயோர்க்கின் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னிசைக் கூடத்தில் வேலை செய்த மரியோ டேவிடோவ்ஸ்கி, 'சிங்க்ரொனிஸம்ஸ்' என்ற பெயரில் ஒரு வரிசையே எழுதினார். அதில் ஆறாவது பியானோவுக்கும் ஒலிநாடாவுக்கும் எழுதியது. 1971இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தொடக்கத்தில் பியானோவில் ஒரே ஒரு சுரம் விழுகிறது. பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் அந்தக் கணத்திலிருந்து ஒலி தேயத்தான் செய்யும், வளராது. அது அந்த வாத்தியத்தின் விதி. ஆனால் இங்கே அந்தச் சுரம் தேயும் நேரத்தில் ஒலிநாடா அதே சுரத்தை மெல்லப் பிடித்து ஊதி வளர்க்கிறது. பியானோவே நாதஸ்வரம் மாதிரி மூச்சு எடுத்ததுபோல ஒரு மயக்கம். எங்கே கை முடிகிறது, எங்கே நாடா தொடங்குகிறது என்று காதுக்குத் தெரியாது. நான் நாலு முறை திருப்பிக் கேட்டேன்.

"இது வீணையில கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்கிற மாதிரித்தானே?" என்றேன். "இல்லை" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொஞ்சம்" என்றாள். அந்த வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு கிடைத்தால் போதும்.

சொல்லப்போனால் எங்கள் வீடுகளில் இந்த இசை எப்போதோ நுழைந்துவிட்டது. வயலின் வகுப்புக்குக் கொண்டுபோன மின்சுருதிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின் தம்புராவைச் செய்தார். அதற்குப் பிறகு டொரொன்டோவிலும் ஒஸ்லோவிலும் ஹரோவிலும் பிள்ளைகள் பிளக்கில் மாட்டிய சுருதிக்குத்தான் பாடி வளர்ந்தார்கள். உயிருள்ள குரல் ஒன்று, ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி ஒன்று, இரண்டும் சேரும் இடத்தைத் தேடும் காது ஒன்று. ஒன்பது வருடம் என் மகளும் அதைத்தான் செய்தாள்.

சரி, ரெசிடென்சிக்கு வருவோம். ஒரு வாத்தியக்குழு ஒரு கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துகொள்கிறது. குழுவுக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கிறது. அவர்கள் வந்து கச்சேரி மட்டும் செய்துவிட்டுப் போவதில்லை. மாணவர் எழுதியதை வாசித்துப் பார்க்கிறார்கள், பிழை சொல்கிறார்கள், போய்விட்டுத் திரும்ப வருகிறார்கள். புதிய விஷயமில்லை. அமெரிக்காவின் கிரோனோஸ் நால்வர்குழு இன்றைக்கு உலகப் புகழ். அவர்களும் தொடக்க ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் ரெசிடென்சியில் இருந்தவர்கள்தான். அதே கல்லூரிக்குத்தான் 1966இல் சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டர் இடம் மாறி வந்திருந்தது. பாரிஸில் பியர் பூலேஸ் இசை ஆராய்ச்சிக்கென்று இர்காம் நிலையத்தைத் தொடங்கியபோது, 1976இல் கூடவே ஒரு நிரந்தர வாத்தியக்குழுவையும் அமைத்தார். இயந்திரம் செய்பவனும் வாத்தியம் வாசிப்பவனும் ஒரே தாழ்வாரத்தில் நடமாட வேண்டும் என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடி.

மகளின் பல்கலைக்கழகத்துக்கு வந்த குழுவில் ஐந்து பேர்: ஃபுளூட், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ. நவம்பரில் ஒரு வாரம், மார்ச்சில் ஒரு வாரம். எட்டு மாணவருக்கு ஆளுக்கு ஏழு நிமிடம். மகள் அம்மம்மாவின் செய்திகளை எடுத்துக்கொண்டாள்.

இதற்கும் முன்னோடி உண்டு. ஸ்டீவ் ரைக் 1988இல் கிரோனோஸ் குழுவுக்காக எழுதிய 'டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்'. ரைக் சிறுவனாக இருந்தபோது தாய் தகப்பன் பிரிந்துபோனதால் நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே ரயிலில் போய்வந்தவர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதப் பிள்ளையான தான் வேறு ரயிலில் ஏற்றப்பட்டிருப்பேன் என்பதுதான் அந்தத் தலைப்பு. தன்னை வளர்த்த தாதி, ரயிலில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், இன அழிப்பிலிருந்து தப்பியவர்கள் என்று பலரின் பேச்சைப் பதிந்து, அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சுரமாக எழுதி, வியோலாவும் செல்லோவும் அதையே வாசிக்க வைத்தார். மனிதன் பேசும்போது தெரியாமலே பாடுகிறான். அதைப் பிடித்து எழுதலாம். ரயிலில் ஏறி, பஸ்ஸில் ஏறி, பிறகு பிளேனில் ஏறி வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது காதில் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

அவளுடைய கொப்பியைப் பார்த்தேன். அம்மம்மாவின் "சாப்பிட்டியோ" வுக்கு முதலில் ஸ ரி க எழுதியிருந்தாள், தமிழ் எழுத்தில். பிறகுதான் அதற்குப் பக்கத்தில் மேற்கத்தியக் கோடுகள். ஏன் என்று கேட்டால், "அப்பிடித்தான் எனக்குக் கேக்குது" என்றாள். 'பிட்டி'யில் ஒரு இறக்கம், 'யோ'வில் ஒரு ஏற்றம். அந்த ஏற்றம் எந்தக் கட்டையிலும் சரியாக இருக்காதாம், இரண்டு கட்டைக்கு நடுவிலாம். பியானோக்காரருக்கு அது கிடையாது, அதனால் அந்த இடத்தில் பியானோவை நிறுத்திவிட்டேன் என்றாள். எனக்கு முற்பணம் கொஞ்சம் ஞாபகம் வந்து போனது.

நவம்பர் வாரம் தோல்வி. தொலைபேசியில் அழுதாள். அவள் எல்லாச் செய்திகளையும் ஒரே ஒலிக்கோவையாக, இடைவெளியெல்லாம் விநாடிக் கணக்கில் கட்டிச் செய்துகொண்டு போயிருந்தாள். வாத்தியக்காரர் ஐந்து பேருடைய காதிலும் 'கிளிக்' என்ற தாளச் சத்தம் ஓடும்; அதைப் பிடித்து அவர்கள் அம்மம்மா விட்ட இடைவெளிக்குள் வாசிக்க வேண்டும். எல்லாம் நேரத்துக்கு வந்தது, ஒன்றும் பிழைக்கவில்லை. முடிந்ததும் கிளாரினெட் வாசித்த பெண் சொன்னாராம்: உன் பாட்டி எனக்குப் பதில் சொல்லத் தந்த நேரத்தில், நான் மணிக்கூட்டுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரெசிடென்சியின் பெறுமதி எனக்கு விளங்கியது அந்த இடத்தில்தான். ஒரே நாள் ஒத்திகை, மறுநாள் கச்சேரி என்றால் அந்தப் பிழையோடு மேடை ஏறியிருப்பாள். இவர்கள் மார்ச்சில் திரும்ப வரப்போகிறார்கள். நடுவில் நாலு மாதம் இருக்கிறது.

அந்த நாலு மாதத்தில் ஒலிக்கோவையைத் தூக்கி எறிந்தாள். 'மக்ஸ்' என்று ஒரு மென்பொருள். 1980களில் இர்காமில் மில்லர் பக்கெட் என்பவர் உருவாக்கத் தொடங்கியது. பெட்டிகளைக் கோடு போட்டு இணைப்பதுபோலத் திரையில் ஒலியை இணைக்கலாம். அதில் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனித் துண்டாக வைத்தாள். மண்டபத்தின் நடுவில் மகள் கணினியோடு இருப்பாள். வாத்தியக்காரர் பதில் சொல்லி முடித்ததும், அவர்களுடைய மூச்சைப் பார்த்து அடுத்த துண்டை விடுவாள். கிளிக் இல்லை. அம்மம்மாவின் சத்தத்தை ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி நகர்த்துவதும் அவள் கைதான்.

இதற்கிடையில் இன்னொரு தலையிடி. பதிந்த குரலைப் பொதுவில் போடுவதற்கு, குரலுக்குரியவரின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென்று பல்கலைக்கழகம் நாலு பக்கப் படிவம் கொடுத்திருந்தது. நியாயம்தான். நத்தார் விடுமுறையில் மகள் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மொழிபெயர்ப்பு என் வேலை.

"உங்கட குரலை இவள் கச்சேரியில போடப் போறாளாம். உங்களுக்குச் சம்மதமோ எண்டு கேக்கினம்."

"என்ர குரலையோ? நான் எங்க பாடினனான்?"

"பாடேல்லை அம்மா. கதைச்சது. வாட்ஸ்அப்பில."

அம்மாவின் முகம் மாறியது. எனக்கு இப்போதுதான் உறைத்தது: அந்தச் செய்திகள் எங்கேயோ தங்கியிருக்கின்றன என்பதே அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் பேசியது பேசியதோடு போய்விடும் என்று நினைத்திருக்கிறார். 

"எல்லாம் வைச்சிருக்கிறியோ?" என்று மகளைக் கேட்டார்.

"ஓம் அம்மம்மா. எல்லாம்."

"அப்ப எனக்குப் போட்டுக் காட்டு."

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். திரும்பி வரும்போது அறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு பேரும் உள்ளே ஒன்றரை மணித்தியாலம். நடுவில் ஒருமுறை அம்மா சிரிக்கும் சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. வெளியே வந்து, பேனா கேட்டு, தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். "ஒண்டை மட்டும் எடுக்கச் சொன்னனான். அவள் எடுப்பாள்" என்றார்.

எந்த ஒன்று என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளும் எங்கள் தாய் தகப்பனும் எங்களைத் தாண்டிப் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மகளின் தமிழ் உடைசல் தமிழ், அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போகப் போதுமான ஆங்கிலம், நான் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று. அவர்களுக்கு 143 செய்தி இருந்திருக்கிறது. எனக்கு அம்மா அனுப்பியவற்றை எண்ணிப் பார்த்தேன். வருடத்துக்கு இருபது வராது. கோபம் வந்தது என்று எழுதினால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். வந்தது.

மார்ச் மாதம் சனிக்கிழமை. மதியம் பொது ஒத்திகைக்கே போய்விட்டோம். மண்டபத்தைச் சுற்றி எட்டு ஸ்பீக்கர்கள் ஆளுயரத் தண்டுகளில் நின்றன. நடுவில் மிக்ஸர், அதைச் சுற்றி வயர். செல்லோவின் உடம்பில் ஒரு சிறிய பொத்தான் அளவு மைக் ஒட்டியிருந்தது. மரத்தின் அதிர்வை அப்படியே எடுக்குமாம். அதைத் திறந்தபோது ஒரு ஊளை எழும்பியது பாருங்கள், அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கோ நாலு மணித்தியாலம் வந்தனாங்கள்?" என்றார். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மைக் திரும்பவும் பிடித்தால் அப்படித்தான் ஊளையிடும். கோயில் திருவிழாவில் நாங்கள் கேட்காததா.

மகளின் முறை வந்தபோது செல்லோக்காரர் நடுவில் நிறுத்தினார். அம்மாதான் அந்தக் குரலுக்குரியவர் என்று அறிந்து, எழும்பி எங்களிடம் வந்தார். மகளைக் கேட்கச் சொன்னார்: இந்த ஆறாவது செய்தியில் கேள்வி கேட்டபிறகு, எவ்வளவு நேரம் நான் எடுக்கலாம்?

மகள் தன் தமிழில் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அந்த மனிதரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்? அவர் சொல்லி முடிஞ்சாப் பிறகுதானே நான் கதைக்கலாம்" என்றார்.

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்த் தாளில் ஏதோ குறித்தார்.

இரவுக் கச்சேரியில் மற்ற மாணவருடையவை எல்லாம் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்று பன்னிரண்டு நிமிடம் போல் இருந்தது, ஏழு நிமிடம்தானாம். ஒன்றில் பியானோவின் உள்ளே கம்பிகளின் மேல் தூண்டில் நைலோனைப் போட்டு இழுத்தார்கள். அது மட்டும் பனைமரத்துக் காற்று மாதிரி நல்லாயிருந்தது. முதல் பாதியின் கடைசியில், வாத்தியக்காரர் இல்லாமல் ஒலிபெருக்கியில் மட்டும் ஒரு பழைய படைப்புப் போட்டார்கள். ஜோனதன் ஹார்வி 1980இல் இர்காமில் செய்தது. வின்செஸ்டர் தேவாலயத்தின் பெரிய மணியின் ஓசையும், அதே தேவாலயத்தில் பாடிய அவருடைய சொந்த மகனின் குரலும்தான் அதன் மூலப்பொருள். இறந்தோருக்காக அழுகிறேன், உயிரோடிருப்போரை அழைக்கிறேன் என்பதுபோல அதன் லத்தீன் தலைப்புக்கு அர்த்தம். எட்டு ஸ்பீக்கரும் சேர்ந்து நாங்கள் மணிக்கு உள்ளே இருப்பதுபோலவும், அந்தப் பையனின் குரல் தலைக்கு மேல் பறப்பதுபோலவும் இருந்தது. அந்தப் பையனுக்குக் குரல் உடைந்து இப்போது எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். தகப்பனும் 2012இல் இறந்துவிட்டார். அம்மா என் கையைத் தொட்டு, "கோயில் மணி" என்றார். ஓம் என்றேன்.

பிறகு மகளுடையது. விளக்கைக் குறைத்தார்கள். இடது பின்பக்கத்து ஸ்பீக்கரில், சின்னதாக, "ஹலோ... ஹலோ... பிள்ளை?"

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. மொழி தெரியாவிட்டாலும் அது யாருடைய குரல், என்ன கேட்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கிளாரினெட் மெல்லமாக ஒன்று சொன்னது. "ஓம், நான்தான்." வயலின். "சாப்பிட்டியோ?" ஃபுளூட்டும் செல்லோவும் ஒன்றாக. ஒவ்வொரு இடைவெளியும் ஒவ்வொரு அளவு. சில இடத்தில் பதில் வர வெகுநேரம் எடுத்தது. அந்த நேரமெல்லாம் அடுத்த துண்டை விடாமல் மகள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாத்தியக்காரரைப் பார்த்தபடி இருந்தாள். நான் இரட்டை வேகத்தில் ஓடவிட்ட இடங்கள் அவை.

நாலாவது நிமிடமளவில் அம்மாவின் குரல் நின்றது. ஸ்பீக்கர்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கிளாரினெட்டும் செல்லோவும் மட்டும் தாழ்ந்த குரலில், விட்டு விட்டு, ஒரு நீண்ட பேச்சை வாசித்தன. சொல் இல்லை. ஆனால் ஏறுவது, இறங்குவது, நடுவில் ஒரு இருமலுக்கு நின்று திரும்பத் தொடங்குவது, வசனம் முடியும் இடத்தில் 'என்ன?' என்று ஒரு சின்ன உதறல்: அது அம்மாதான். ஐம்பது வருடம் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது தெரியும். ஒரு சின்ன ஏற்றம் மூன்று முறை வந்தது. வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயருக்கு அம்மா கொடுக்கும் ஏற்றம் அது.

எடுக்கச் சொன்ன செய்தி. அவள் எடுத்துத்தான் இருக்கிறாள். சொல்லை மட்டும்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நேரே பார்த்துக்கொண்டிருந்தார், பூசை நேரத்தில் பார்ப்பதுபோல. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மகள் முதலே கேட்டிருப்பாள். அந்தச் சாத்திய கதவுக்குள் அதுவும் பேசியிருப்பார்கள்.

பிறகு பியானோ வந்தது, குரலும் திரும்ப வந்தது. "சரி, வைக்கட்டோ?" என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாமல், முடிந்தது.

கைதட்டலில் மகள் எழும்பி நின்று, அம்மம்மாவைக் காட்டினாள். சனம் திரும்பிப் பார்த்தது. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, எழும்பாமல் கும்பிட்டார். என்னிடம் பிறகு ஒரு பெற்றோர் வந்து, வேலைவாய்ப்பு எப்படி என்று விசாரித்தார்; சீனக் குடும்பம், எங்கள் மாதிரித்தான். படம், வீடியோ விளையாட்டு, வானொலி, நாடக மேடை, கட்டட ஒலியமைப்பு என்று மகள் எனக்கு ஒப்புவித்த பட்டியலை நான் அவருக்கு ஒப்புவித்தேன். அதெல்லாம் உண்மையும்தான். அதோடு, இந்தக் குழு வாசித்துத் தந்த பதிவு அவளுடைய விண்ணப்பங்களோடு போகும். மாணவர் தாங்களாகவே ஐந்து பேரை அமர்த்திப் பதிவதென்றால் கட்டாது. திறந்த நாளுக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: வெளியிலிருந்து வரும் குழு மாணவருடைய படைப்பை எத்தனை முறை வாசித்துப் பார்க்கிறது? ஒரு முறைதான் என்றால் யோசியுங்கள்.

திரும்பும்போது பத்தரை. மகள் அங்கேயே நின்றுவிட்டாள், குழுவோடு சாப்பாடு. எம்1இல் மழை. அம்மா பின் சீட்டில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்தார்.

"அம்மா, அந்த நடுவில... குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் வந்த இடம்."

"ம்."

"அதில என்ன சொன்னனீங்கள்?"

பதில் வரவில்லை. நான் பொறுத்தேன். வைப்பர் ஆறேழு தரம் போய் வந்தது.

"வடிவா வாசிச்சவை, என்ன?" என்றார்.

"ஓம். ஆனா என்ன சொன்னனீங்கள்?"

"நீ ரோட்டைப் பார்த்து ஓடு."

ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கூட்டினேன். நொதாம்ப்டன் தாண்டும்போது நித்திரையாகிவிட்டார்.